ஒரு லோன் ஃபைலும் மூணு கெர்னலும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் குளோசிங், அதற்குப் பின்னாடியே ஆடிட் என்று ஓடிவிட்டது. இந்தத் தடவை ரயில் டிக்கெட் புலம்பலும் இல்லை, ராஜ்கோட்டில் நல்ல இட்லி அரிசி கிடைக்காத சோகமும் இல்லை. மெஷின்களை ஓட்டுகிற கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் கெர்னல் பற்றி எழுதப் போகிறேன். பி.காம். படித்த பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆறரை லட்சம் ரூபாய்க்கு வேலை. அந்த ஃபைலில் இருப்பது என் கையெழுத்து.

ராஜ்கோட் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வடக்கே இருக்கிற கோயம்புத்தூர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஃபவுண்டரி, லேத், பேரிங், சிஎன்சி மெஷின் செய்கிறவர்கள் என்று தெருவுக்குத் தெரு இரும்பு வாசனை. என் மாமா கணபதியில் பட்டறை வைத்திருந்தவர். அதனாலோ என்னவோ இங்கே மாற்றலாகி வந்த நாளிலேயே ஊர் பிடித்துப் போனது.

2023 கடைசியில் ஒரு பார்ட்டி வந்தார். மெட்டோடா பக்கம் இரண்டு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர், முப்பது வயசு. கன்ட்ரோல் செத்துப்போன ஒரு சின்ன மில்லிங் மெஷினை மலிவாகப் பிடித்திருந்தார். அதற்குப் புது மோட்டார், புது ஸ்க்ரூ, புது கன்ட்ரோல் எல்லாம் போட்டு உயிர் கொடுக்க லோன் வேண்டும். கன்ட்ரோலுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருந்தார். ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ் சிஎன்சி. மென்பொருள் விலை: பூஜ்யம்.

ஃபைலில் பூஜ்யம் பார்த்தாலே எங்களுக்கு அலர்ஜி. அதைவிடப் பெரிய அலர்ஜி "பழைய கம்ப்யூட்டர்". செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டருக்கு எப்படி லோன் கொடுப்பது? பில் எங்கே? வாரண்டி எங்கே? நான் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, "நல்ல கம்பெனியின் புது கம்ப்யூட்டர், ஜிஎஸ்டி பில்லோடு" என்று எழுதச் சொன்னேன். எழுதினார். சாங்ஷன் ஆயிற்று.

மூணாவது தவணை வரவில்லை. போன் போட்டால், "சாஹேப், பீஸ் எல்லாம் ரிஜெக்ட் ஆகிறது" என்றார். நேரில் போனேன். அலுமினிய கவர் பிளேட், ஒன்றில் எட்டு ஓட்டை. நாற்பது பீஸ் அச்சு மாதிரி வருகிறது, நாற்பத்தோராவதில் ஓட்டைகள் எல்லாம் மொத்தமாக 0.3 மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளி நிற்கின்றன. இன்னொன்று 0.1 தள்ளி. வேறொன்று 0.2. திரையில் எந்த எர்ரரும் இல்லை. மெஷினைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சமயம் மகன் செமஸ்டர் லீவில் வந்திருந்தான். ஊரில் இசிஇ மூணாம் வருஷம். நான் சாப்பிடும்போது புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அப்பா, தள்ளின அளவைப் பாருங்க. 0.1, 0.2, 0.3. ஏன் 0.17 வரவே இல்ல?" என்றான். பேப்பரில் கணக்கும் போட்டான். ஸ்டெப்பர் மோட்டார் பிடி நழுவினால் கொஞ்சமாக நழுவாது. நாலு ஸ்டெப்பாகத்தான் நழுவும், அதாவது 7.2 டிகிரி. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தினால் 7.2 டிகிரிக்கு சரியாக 0.1 மில்லிமீட்டர். அதாவது புரோகிராம் தப்பில்லை, டூல் தேயவில்லை. மோட்டார் எங்கோ நழுவுகிறது. ஏன் நழுவுகிறது? (தங்கமணி இடையில், "ரசம் ஆறுது" என்று ஞாபகப்படுத்தியதையும் பதிவு செய்துகொள்கிறேன்.)

இங்கேதான் கெர்னல் வருகிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடு மையம் அது. எந்த வேலை எப்போது பிராசஸரைப் பிடிக்கலாம் என்று டோக்கன் கொடுப்பது அதுதான். நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் கெர்னல் ஒரு நல்ல பிராஞ்ச் மேனேஜர் மாதிரி, எல்லாரையும் ஓரளவு திருப்திப்படுத்தும். பாட்டு ஓடும், மவுஸ் நகரும், பிரிண்ட் வரும். யாராவது ஒருவர் அரை நிமிஷம் காத்திருந்தால் குடி முழுகிவிடாது.

மெஷினுக்குக் குடி முழுகும். நம்ம பார்ட்டியின் மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 2000 பல்ஸ் வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு 2000 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 400. நிமிஷத்துக்கு மூணு மீட்டர் வேகத்தில் ஓடும்போது செகண்டுக்கு 20,000 பல்ஸ். ஒரு பல்ஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 50 மைக்ரோ செகண்ட். இந்தப் பல்ஸை அந்தக் கம்ப்யூட்டரே மென்பொருளால் தட்டித் தட்டி பேரலல் போர்ட் வழியாக அனுப்புகிறது. நடுவில் ஒரு தடவை 100 மைக்ரோ செகண்ட் தாமதம் ஆனால், முழு வேகத்தில் சுற்றும் மோட்டாருக்குத் திடீரென்று பிரேக், உடனே மறுபடி முழு வேகம். பிடி விட்டுவிடும். விட்டது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஏனென்றால் திருப்பிச் சொல்ல அந்த மெஷினில் சென்சார் கிடையாது.

ரியல் டைம் என்றால் வேகம் என்று நானும் நினைத்திருந்தேன். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. சொன்ன நேரத்துக்கு வருவதுதான் ரியல் டைம். பேங்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒருத்தர் பதினோரு தவணையை ஐந்து நாள் முன்னாடியே கட்டிவிட்டு, பன்னிரண்டாவதை 90 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? சராசரியாக நல்ல பார்ட்டி என்று விட்டுவிடுவோமா? 2004 மார்ச் 31-லிருந்து இருக்கும் விதிப்படி அந்தக் கணக்கு என்பிஏ. சராசரியை யாரும் கேட்பதில்லை. கெர்னலிடமும் சராசரியைக் கேட்கக்கூடாது, அதிகபட்சத் தாமதம் எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டும்.

சரி, மூணு கெர்னல் என்றேனே. வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வகை, லினக்ஸுக்குக் கீழே இன்னொரு குட்டிக் கெர்னலை வைப்பது. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் விக்டர் யோடைக்கனும் மைக்கேல் பராபனோவும் ஆர்டி லினக்ஸ் என்று இதைச் செய்தார்கள். பிறகு மிலான் பாலிடெக்னிக்கில் பாலோ மாண்டெகாஸா குழு ஆர்டிஏஐ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஜெனோமையும் இந்தக் குடும்பம்தான். ஐடியா தைரியமானது. மொத்த லினக்ஸையும் அந்தக் குட்டிக் கெர்னல் "வேலை இல்லாதபோது ஓடுகிற வேலை" என்று நடத்தும். பிராஞ்சில் ஒரே ஒரு அவசர கவுண்டர், அங்கே ஆள் இல்லாத நேரத்தில்தான் மேனேஜர் உட்பட மற்ற எல்லாரும் மூச்சே விடலாம் என்கிற மாதிரி. பொருத்தமான கம்ப்யூட்டர் அமைந்தால் தாமதம் பத்து, இருபது மைக்ரோ செகண்டுக்குள் அடங்கிவிடும். கஷ்டம் என்னவென்றால், லினக்ஸின் ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் யாராவது உட்கார்ந்து இந்த அடித்தளத்தைத் திரும்பப் பொருத்த வேண்டும். அதைச் செய்ய ஆட்கள் கொஞ்சம் பேர். நேற்று வந்த மதர்போர்டில் அது ஏறாமல் போகலாம். ஆர்டி லினக்ஸுக்கு 1999-ல் பேட்டண்ட் வாங்கியதும், அதனால் மற்றவர்கள் வேறு வழி தேடியதும், 2007-ல் விண்ட் ரிவர் அதை வாங்கியதும் தனிக் கதை. லீகல் ஒப்பீனியன் எழுதுகிற நம்ம வக்கீல்களுக்குப் பிடிக்கும்.

இரண்டாவது வகை, லினக்ஸையே திருத்துவது. பெயர் ப்ரீஎம்ப்ட் ஆர்டி. இங்கே தனிக் கவுண்டர் கிடையாது. பிராஞ்சில் இருக்கிற ஒவ்வொரு கிளார்க்குக்கும் "கையில் எந்த வேலை இருந்தாலும் சிவப்பு டோக்கன் வந்தால் கீழே வை" என்று பழக்குவது. சொல்லும்போது சுலபம். கெர்னலுக்குள் "இப்போது என்னைத் தொந்தரவு செய்யாதே" என்று பூட்டிக்கொள்கிற இடங்கள் ஆயிரக்கணக்கில். 2004 வாக்கில் இங்கோ மோல்னார், தாமஸ் க்ளைக்ஸ்னர் போன்றவர்கள் ஆரம்பித்த வேலை 2024 செப்டம்பரில்தான் லினக்ஸின் மூலத்தில் முழுசாகச் சேர்ந்தது, 6.12 வெர்ஷனில். இருபது வருஷம்! கடைசிவரை வழிமறித்தது எது தெரியுமா? கெர்னல் தன் செய்திகளைத் திரையில் அச்சடிக்கிற பகுதி. எங்கள் பிராஞ்சிலும் கடைசியில் பாஸ்புக் பிரிண்டர்தான் எல்லாவற்றையும் நிறுத்தும் :-) லேசர் வெல்டிங்கை லினக்ஸால் ஓட்டுவது கிறுக்குத்தனம், ஆனால் இங்கே எல்லாருமே ஏதோ ஒரு வகையில் கிறுக்கர்கள்தான் என்கிற பொருளில் லினஸ் டோர்வால்ட்ஸ் 2006-ல் பேசியிருக்கிறார். அப்புறம் அவரேதான் அதைச் சேர்த்துக்கொண்டார். இதில் வசதி அதிகம், புது கம்ப்யூட்டரில் ஓடும், பராமரிப்பு சுலபம். ஆனால் சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதிகபட்சத் தாமதம் பல பத்து மைக்ரோ செகண்ட், சிலதில் நூறையும் தொடும்.

மூணாவது வகை, லினக்ஸே வேண்டாம், இந்த வேலைக்கென்றே பிறந்த கெர்னல். பெரிய இடத்தில் விஎக்ஸ்வொர்க்ஸ். சின்ன சிப்புகளில் ஃப்ரீ ஆர்டாஸ், ரிச்சர்ட் பாரி 2003-ல் வெளியிட்டது, 2017-லிருந்து அமேசானின் பொறுப்பில். சின்னது, கணிக்கக்கூடியது. ஆனால் திரை, ஃபைல், நெட்வொர்க் என்று பெரிய கம்ப்யூட்டரில் தானாகக் கிடைப்பதையெல்லாம் இதில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

(ஆர்டுயினோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்று ஒன்று இருக்கிறது. அதில் கெர்னலே கிடையாது. ஒரே ஆள் நடத்துகிற பெட்டிக்கடை. டீ குடிக்கப் போக வேறு ஆளே இல்லை என்பதால் கடை ஒழுங்காக நடக்கிறது. சின்ன ரவுட்டர் மெஷினுக்கு அதுவே போதும்.)

தனிப்பிறவிக் கெர்னல் என்றால் தப்பே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரில் இருந்தது விஎக்ஸ்வொர்க்ஸ். இறங்கிய சில நாளில் கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. காரணத்தை பேங்க் பாஷையில் சொல்கிறேன். ஸ்ட்ராங் ரூம் சாவி ஒரு ஜூனியர் கையில். சீஃப் மேனேஜர் அந்தச் சாவிக்காக நிற்கிறார். ஜூனியரோ தன் வேலையை முடித்தால்தான் சாவியைக் கொடுப்பார். முடிக்க விடாமல் நடுமட்டத்து ஆபீசர்கள் அவரைத் தள்ளிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதவியில் பெரியவர் எல்லாருக்கும் கடைசியில் நிற்கிறார். வானிலைத் தகவல் சேகரிக்கும் சின்ன வேலை சாவியைப் பிடித்திருக்க, பஸ்ஸைக் கவனிக்கும் முக்கிய வேலை காத்து நிற்க, கண்காணிப்பு டைமர் பொறுமை இழந்து ரீசெட் அடித்தது. "சாவி வைத்திருக்கும்வரை ஜூனியருக்கும் சீஃப் மேனேஜர் அதிகாரம்" என்று ஒரு வசதி அந்தக் கெர்னலிலேயே இருந்தது. அணைத்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து அதை ஆன் செய்து சரிப்படுத்தினார்கள். கெர்னலில் குறை இல்லை, அதை அமைத்த விதத்தில்தான்.

நம்ம பார்ட்டி கதையும் அதேதான், அமைத்த ஆள் நான் என்பதைத் தவிர.

கொட்டேஷன் கொடுத்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். என்னைக் கண்டதும் தயங்கினார், அப்புறம் சொன்னார். அவர் முதலில் போட நினைத்த பழைய கம்ப்யூட்டரில் ஆர்டிஏஐ ஏற்றி, இரண்டு நாள் சோதித்து, அதிகபட்சத் தாமதம் 12 மைக்ரோ செகண்ட் என்று குறித்தே வைத்திருந்தார். நான் கேட்ட புது கம்ப்யூட்டரில் அந்த ஆர்டிஏஐ ஏறவில்லை. ப்ரீஎம்ப்ட் ஆர்டி ஏற்றினார். ஓடியது. பல்ஸ் அனுப்புகிற வேலையை மட்டும் பழைய மாதிரியே மென்பொருளிடம் விட்டுவிட்டார். டெலிவரி தேதி நெருக்கியதால் அஞ்சு நிமிஷம்தான் சோதனை.

நாங்கள் ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். ஃபைல் காப்பி, வீடியோ, ஜன்னல்களை இழுத்து இழுத்து நகர்த்துவது என்று எல்லாத் தொந்தரவும் கொடுத்து. சராசரி அருமை. அதிகபட்சம் 140. மின்சாரம் மிச்சப்படுத்த பிராசஸர் அடிக்கடி தூங்கப் போகிறது, எழுந்து வர நேரமாகிறது. அது ஒன்று. இன்னொன்று, மதர்போர்டின் பயாஸ் அவ்வப்போது கெர்னலுக்கே தெரியாமல் பிராசஸரைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். ரீஜனல் ஆபீஸ் போன் மாதிரி. கஸ்டமர் எதிரில் இருந்தாலும் எடுத்தே ஆகவேண்டும். எந்தக் கெர்னலாலும் அதைத் தடுக்க முடியாது. லினக்ஸ் சிஎன்சியின் கையேட்டிலேயே இருக்கிறது: மென்பொருள் பல்ஸுக்கு 20 மைக்ரோ செகண்டுக்குள் இருந்தால் பிரமாதம், 30 முதல் 50 வரை சமாளிக்கலாம், 100 தாண்டினால் அந்தக் கம்ப்யூட்டர் அந்த வேலைக்கு ஆகாது. படித்திருந்தால் நான் சிவப்பு மையை எடுத்திருக்க மாட்டேன்.

மருந்து பெரிசாக இல்லை. பல்ஸ் தட்டுவதற்கென்றே ஒரு எஃப்பிஜிஏ கார்டு. கம்ப்யூட்டர் ஒரு மில்லி செகண்டுக்கு ஒருமுறை "இன்ன வேகத்தில் போ" என்று கார்டுக்குச் சொன்னால் போதும், பல்ஸை கார்டு தன் கடிகாரத்தில் தட்டிக்கொள்ளும். ஆயிரம் மைக்ரோ செகண்டில் 140 தாமதம் ஆனால் மோட்டாருக்குத் தெரியவே தெரியாது. அதே கம்ப்யூட்டர், அதே ப்ரீஎம்ப்ட் ஆர்டி. பீஸ் சரியாக வந்தது. தவணையும் இரண்டு மாதம் தாமதமாக, ஆனால் 90-ஐத் தொடாமல், வந்து சேர்ந்தது.

இப்போது என் ஆதங்கம். இந்தக் கதையை எங்கள் ரிவ்யூ மீட்டிங்கில் சொன்னபோது கிடைத்த தீர்ப்பு: "இலவச மென்பொருள் போட்ட மெஷினுக்கு இனி லோன் வேண்டாம்." எனக்கு இது ஒப்பவில்லை. ஜெர்மனியின் ஹைடன்ஹைன் கன்ட்ரோல்களில் ஓடும் ஹீரோஸ் என்கிற சிஸ்டம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதுதான். பெக்காஃப் விண்டோஸ் மேலேயே ரியல் டைம் ஓட்டுகிறது. விலை கொடுத்தால் வாங்குவது வேறு கெர்னலை மட்டும் இல்லை. எந்தக் கெர்னலை எந்த போர்டில் எப்படிப் பொருத்தினால் எவ்வளவு தாமதம் என்று யாரோ ஏற்கெனவே சோதித்து, பொறுப்பேற்றுக் கொடுப்பதற்குத்தான் பெரும்பகுதிக் காசு. அந்தச் சோதனையை உள்ளூர் ஆள் ஒழுங்காகச் செய்து எழுதிக் கொடுத்தால் அவரையும் நம்பலாம். அவர் செய்துதான் இருந்தார். நான்தான் பில்லைக் கேட்டேன், எண்ணைக் கேட்கவில்லை.

இன்னொரு கோஷ்டியையும் விடுவதாக இல்லை. 2024-க்குப் பிறகு, "லினக்ஸே இப்ப ரியல் டைம் ஆயிடுச்சு, ஆர்டிஏஐ எல்லாம் ஏறக்கட்டியாச்சு" என்று பேசுகிறவர்கள். மூலத்தில் சேர்ந்ததால் தனியாக பேட்ச் தேடி அலைய வேண்டாம், அவ்வளவுதான். உங்கள் மேஜையில் இருக்கும் பெட்டிக்கு எத்தனை மைக்ரோ செகண்ட் என்று லினஸ் எழுதிக் கொடுக்கவில்லை. பழைய பெட்டியில் பேரலல் போர்ட்டை வைத்து நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கும் பட்டறைக்காரரிடம் போய் ஆர்டிஏஐயைக் கழற்றச் சொல்வது பாவம். புதிதாகப் போடுகிறவர் ப்ரீஎம்ப்ட் ஆர்டியும் ஒரு கார்டும் போடட்டும், என் ஓட்டு அதற்குத்தான்.

ஒன்றில் மட்டும் நான் எந்தக் கெர்னலையும் நம்பத் தயாரில்லை. அவசரத்துக்கு அழுத்தும் சிவப்பு பட்டன். அது கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டு மோட்டாரை நிறுத்தக்கூடாது, ஒயர் வழியாக ரிலேவில் நேராகக் கரண்டை வெட்ட வேண்டும். மாமாவுக்கு இடது கையில் ஒன்றரை விரல் கிடையாது. அந்தக் காலத்தில் கெர்னலும் இல்லை, பட்டனும் இல்லை. இன்ஸ்பெக்ஷனுக்குப் போனால் நான் முதலில் அந்தப் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். பார்ட்டிகளுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அப்ரைசல் ஃபார்மில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. "இதர விவரங்கள்" என்கிற இடத்தில் நானே எழுதச் சொல்கிறேன்: எந்தக் கெர்னல், பல்ஸ் தட்டுவது யார், எத்தனை மணி நேரம் என்ன தொந்தரவு கொடுத்துச் சோதித்தது, அதிகபட்சம் எவ்வளவு. மேலே இருப்பவர்கள் படிக்கிறார்களா தெரியாது, ரிட்டர்ன் ஆகி வரவில்லை.

போன வாரம் அதே பார்ட்டி இரண்டாவது மெஷினுக்கு லோன் கேட்டு வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னாடியே மொபைலை நீட்டினார். சோதனைத் திரையின் போட்டோ. நாலு நாள் விடாமல் ஓடியிருக்கிறது, அதிகபட்சம் 38. "லோடு என்ன கொடுத்தீங்க பாய்?" என்றேன். அந்த நாலு நாளும் பட்டறையில் கர்பா பாட்டு வீடியோ அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஓடியதாம், வேலை செய்கிற பையன்கள் கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டே இருந்தார்களாம். போட்டோவைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டேன். மேலே அனுப்புவது திங்கட்கிழமை.